வீடு கீழே இறங்கிய நாள்

நாலாவது முளைக்குச்சியை எங்கே அடிப்பது என்று இன்ஜினியருக்குத் தெரியவில்லை.

மூன்றை அடித்துவிட்டார். ஒன்று மாதா கோயில் வேலியோரம். இன்னொன்று ஆப்பிள் மரத்தடியில். மூன்றாவது, அம்மாவின் முட்டைக்கோஸ் பாத்திக்கு நட்டநடுவில். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தைக் குனிந்து பார்ப்பதும் நிமிர்ந்து பார்ப்பதுமாக நின்றார். மழை அவர் தொப்பியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மிரெயா விறகுக் கூடையோடு வாசலில் நின்று அவரையே பார்த்தாள். அவளுக்குப் பத்து வயது.

"என்ன சார் தேடறீங்க?"

"நாலாவது மூலை."

அவர் ஒன்று, இரண்டு என்று அடி எண்ணிக்கொண்டே வந்தார். வாசலில் நின்று செருப்புச் சேற்றைத் துடைத்தார். அந்த மட்டும் மரியாதை தெரிந்தவர்தான். பிறகு எண்ணிக்கொண்டே சமையலறைக்குள் போய், அடுப்புக்கு முன்னால் நின்றார்.

"இங்கதான் வருது" என்றார்.

மிரெயாவின் அம்மா எடித்தா, மாவுக் கையோடு திரும்பினாள். "என்ன வருது?"

"முளைக்குச்சி."

"அடுப்புக்குள்ளயா?"

"இங்க வீடே இருக்கக் கூடாதும்மா. வரைபடத்துல இது காலி நிலம். பாருங்க, வீடு இல்லை."

எடித்தா வரைபடத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்பைத் திறந்து ஒரு ரொட்டியை எடுத்தாள்.

"இல்லாத வீட்டுல சுட்ட ரொட்டி. தின்னு பாருங்க."

இன்ஜினியர் வால்தேஸ் இரண்டு தின்றார். ஆனால் அதற்காக வரைபடம் மாறிவிடவில்லை.

மன்சானோ ஒரு சின்னத் தீவுக் கிராமம். முப்பத்தோரு வீடு, ஒரு மாதா கோயில், ஒரு பள்ளிக்கூடம், எக்கச்சக்கமான மழை. வீடு எல்லாம் மரவீடு. டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் படகில் இரண்டு மணி நேரம் போக வேண்டும். குளிர்காலத்தில் கடல் பொங்கினால் அதுவும் கிடையாது.

போன குளிர்காலம் மிரெயாவின் தம்பி தித்தோவுக்கு மூச்சு முட்டியது. தித்தோ அப்போது எட்டு மாதக் குழந்தை. அப்பா நொல்பெர்த்தோ மோட்டார் நின்றுபோன படகைத் துடுப்பாலேயே நான்கு மணி நேரம் ஓட்டினார். அம்மா குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிரெயா வாளியால் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொட்டினாள். தித்தோ பிழைத்தான். ஆனால் அந்த நான்கு மணி நேரத்தை மூன்று பேரும் மறக்கவில்லை. அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள்.

அதனால் "மன்சானோவுக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி வரப்போகிறது, மாதா கோயில் பக்கத்தில் ஊர்ப் பொது நிலத்தில்" என்று சேதி வந்தபோது, எல்லோரையும்விட அதிகமாகக் குதித்தவள் மிரெயாதான்.

அந்த இடத்தில்தான் தன் கட்டில் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அரசாங்க வரைபடம் ஒரு விதத்தில் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அரசாங்கக் காகிதத்தை நம்ப மனம் வராவிட்டாலும். ஏழு வருஷத்துக்கு முன்னால், ஆகாயத்திலிருந்து படம் எடுத்தபோது, மிரெயாவின் வீடு அங்கே இல்லை. கீழே கடலோரமாக, பெலார்மினோ என்பவரின் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் கீழ் நிலம்தான் நொல்பெர்த்தோவின் சொந்த நிலம்.

பிறகு வீடு மேலே வந்தது.

மன்சானோவில் வீடு மாறுவது என்றால் மூட்டை கட்டுவது இல்லை. வீட்டையே இழுத்துக்கொண்டு போவது. கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும் வீட்டை நெம்பித் தூக்கி, அடியில் இரண்டு நீள மரத்தைச் செருகி, மாடுகளைப் பூட்டி, ஊரே சேர்ந்து "ஹோ!" என்று இழுக்கும். அதற்கு மிங்கா என்று பேர். கூலி கிடையாது. வயிறு நிறையச் சாப்பாடு உண்டு. நாளைக்கு அடுத்தவன் கூப்பிட்டால் நீயும் போக வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டை நகர்த்தினால் அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாட்டை வேறு புல்வெளியில் கட்டினால் சொல்கிறோமா?

வீடு ஏன் மேலே வந்தது? ஒரு பன்றியால்.

பெலார்மினோவிடம் ஒரு பெண் பன்றி இருந்தது. கொண்டேசா என்று பேர். பெரிய இடத்துச் சீமாட்டிகளுக்கு வைக்கிற பேர் அது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் சீமாட்டி வேலியைப் பிய்த்துக்கொண்டு நொல்பெர்த்தோவின் தோட்டத்துக்கு வந்தாள். விதைக்கு வைத்திருந்த ஒன்பது வகை உருளைக்கிழங்கையும் ஒரு மதியத்தில் தின்றுவிட்டுப் போனாள்.

"வேலியைச் சரிபண்ண வேண்டியது நீ" என்றார் நொல்பெர்த்தோ.

"வேலி உன் பக்கத்துல இருக்கு" என்றார் பெலார்மினோ.

மூன்று நாள் கத்தினார்கள். நாலாவது நாள் நொல்பெர்த்தோ, "இந்தப் பன்றி முகத்துல இனி முழிக்க மாட்டேன், அதோட சொந்தக்காரன் முகத்துலயும்" என்று சொல்லிவிட்டு, ஊரைக் கூட்டி வீட்டை மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு யாருடைய மாடுகள் எல்லாவற்றையும்விட வேகமாக இழுத்தன தெரியுமா? பெலார்மினோவின் மாடுகள். மிங்காவுக்குக் கூப்பிட்டால் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. "சீக்கிரம் போய்த் தொலையட்டும்" என்று சொல்லிச் சொல்லி ஓட்டினாராம்.

அன்று முதல் இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. ஊர்த் தலைவி ஓர்பெலினா அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கால் உடைந்து, படகு கிடைக்க ஐந்து நாள் ஆகி, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது.

"இன்ஜினியர் சார், நேரா கேக்கறேன். அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் மாத்தி எழுதினா என்ன? ஆஸ்பத்திரியை நாப்பது அடி தள்ளிக் கட்டினா யாரு அழப்போறாங்க?"

"இடமே இல்லையே அத்தை. இந்தப் பக்கம் கோயில், அந்தப் பக்கம் ஓடை. வேற இடம்னா புதுசா மனு போடணும், மறுபடி அளக்கணும், ஏழு பேர் கையெழுத்துப் போடணும். ரெண்டு வருஷம் ஆகும். நம்ம மரமும் தகரமும் மூணு வாரத்துல படகுல வருது. இங்க இடம் காலியா இல்லைன்னா அந்தப் படகு எதிர்த் தீவுக்குப் போயிடும்."

"எதிர்த் தீவுக்கா!" என்று எல்லோரும் முனகினார்கள். போன வருஷம்தான் எதிர்த் தீவுக்காரர்கள் மன்சானோவைக் கால்பந்தில் ஏழு கோல் போட்டு அனுப்பியிருந்தார்கள்.

"வீட்டைப் பிரிச்சுடலாம்" என்றார் இன்ஜினியர், மெதுவாக. "இழப்பீடு கிடைக்கும். நகரத்துல ரெண்டு அறை வீடு ஒண்ணும் தருவாங்க."

நகரத்தில். மிரெயா அப்பா பக்கம் திரும்பினாள். நகரத்தில் அப்பாவின் படகை எங்கே கட்டுவது?

எல்லோருக்கும் நொல்பெர்த்தோ குடும்பத்தைப் பிடிக்கும். எல்லோருக்கும் ஆஸ்பத்திரியும் வேண்டும்.

அப்பா எழுந்தார். தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்தார்.

"பிரிச்சுக்கங்க" என்றார். "போன குளிர்காலம் துடுப்பு போட்டவன் நான். எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வரட்டும்."

அவர் உட்கார்ந்தபோது பெஞ்சு கிறீச்சிட்டது. அம்மா தித்தோவின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மிரெயாவால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. சுவரில் குத்தியிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். கோயில் ஒரு சிலுவை. பள்ளிக்கூடம் ஒரு கட்டம். கீழே கடலோரம் பெலார்மினோ மாமாவின் வீடு, ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கறுப்புக் கட்டம்.

அவள் எழுந்து போய் அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது எங்க வீடுதானே?"

"ஆமா" என்றார் இன்ஜினியர். "வரைபடப்படி."

"எங்க வீடு இங்க இருந்தா, வரைபடத்துல தப்பே இல்லையே?"

"இல்லை..."

"காகிதத்தை மாத்த ரெண்டு வருஷம். வீட்டை மாத்த ஒரு நாள். ஏன் சார் பிரிக்கணும்? வீட்டைக் கொண்டுபோய் இங்கயே வெச்சுடலாமே!"

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் இருமினார். ஓர்பெலினா அத்தை கைத்தடியின் பிடியை ரொம்பக் கவனமாக ஆராய்ந்தாள். சொல்லப்போனால், இந்த யோசனை அங்கே பாதிப் பேருக்கு ஏற்கெனவே வந்ததுதான். வாயைத் திறக்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

"அது மட்டும் முடியாது" என்றார் அப்பா.

கடைசி பெஞ்சில் பெலார்மினோ எழுந்தார். காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி, பனைமரம் மாதிரி உயரம்.

"இவனைக் கீழே வான்னு யாரு கூப்பிட்டா?" என்று கேட்டுவிட்டு, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனார்.

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க" என்றார் இன்ஜினியர், பாவமாக.

வீட்டில் அம்மா பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

"வீட்டையே பிரிக்கச் சொல்ற. ஒரு பன்றிகிட்ட தோத்துப் போறதுக்கு மட்டும் மனசு வரலையா உனக்கு?"

"பன்றியைப் பத்திப் பேசாதே, எடித்தா."

"கீழே இறங்கற வழி அவன் புல்வெளி வழியாத்தான். வேற வழி இல்லை. போய்க் கேட்டுட்டு வா."

"படகுக்கு அடியில படுத்தாலும் படுப்பேன், அவன் வாசப்படி ஏற மாட்டேன்."

அப்பா தைக்க வேண்டும் என்று வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வலையில் கிழிசல் ஒன்றும் இல்லை.

மிரெயா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அம்மா, மிங்காவுக்குக் கேட்கறதுன்னா யார் போகணும்?"

"வீட்டுக்காரங்க போகணும்."

"நான் வீட்டுக்காரி இல்லையா?"

அம்மா அவளைப் பார்த்தாள். சூடான ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி மகள் கையில் வைத்தாள்.

பெலார்மினோ முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பன்றிக்கு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். தூரத்தில் மிரெயா வருவதைப் பார்த்ததுமே கத்தியை நீட்டிக் கத்தினார்.

"சொல்லாதே! எதுக்கு வரேன்னு எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதே!"

அவர் பயந்தது நியாயம்தான். "உங்க மாடும் உங்க கையும் வேணும்" என்று ஒருவர் வாசலில் வந்து கேட்டுவிட்டால், மன்சானோவில் யாரும் மறுக்க முடியாது. மறுத்தால் அவர் வீட்டுக் கூரை பறந்தாலும் ஒரு ஆள் எட்டிப் பார்க்க மாட்டான். அந்த ஒரு வரியைச் சொல்ல மிரெயாவுக்கு ஒரு நிமிஷம் போதும். பெலார்மினோ மாட்டிக்கொள்வார்.

மிரெயாவுக்கும் அது தெரியும். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனால் கத்தியை நீட்டிக்கொண்டு, மூக்கு சிவந்து, அந்தப் பெரிய உருவம் பயந்து நிற்பதைப் பார்த்ததும், சொல்ல வாய் வரவில்லை.

"சொல்ல மாட்டேன் மாமா" என்றாள்.

"என்ன?"

"நீங்க கேளுன்னு சொல்றவரைக்கும் கேட்க மாட்டேன். அம்மா ரொட்டி குடுத்தாங்க."

பெலார்மினோ சந்தேகத்தோடு ரொட்டியை வாங்கினார். அதற்கு அடியில் ஏதாவது மறைந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார். பிறகு பிட்டு வாயில் போட்டார்.

மிரெயா இன்னொரு கத்தியை எடுத்து உருளைக்கிழங்கு நறுக்க ஆரம்பித்தாள். கொண்டேசா உறுமிக்கொண்டே வந்து அவள் முழங்காலில் மூக்கைத் தேய்த்தது. அதற்கு இப்போது வயதாகிவிட்டது. காது இரண்டும் கண்ணை மறைத்துத் தொங்கின.

"காதுக்குப் பின்னாடி சொறிஞ்சு விடு" என்றார் பெலார்மினோ. "அங்கதான் அதுக்குப் பிடிக்கும்."

மிரெயா சொறிந்து விட்டாள். அப்படியே பிய்ந்து கிடந்த பழைய வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அவர்களுடைய பழைய இடம். வீடு உட்கார்ந்திருந்த கற்கள் அப்படியே வரிசையாக இருந்தன. சுற்றிலும் இடுப்பு உயரம் முட்செடி. கற்களைச் சுற்றி மட்டும் ஒரு செடி இல்லை.

"மாமா, அங்க யாரு செடி வெட்டறா?"

"நான்தான். வேற யாரு?"

"எதுக்கு?"

"எதுக்கா? முள்ளு குத்தினா பன்றிக்கு மூக்கு வீங்கும். வேற எதுக்கு!"

பன்றி அந்தப் பக்கம் போகாமல் இருக்க ஒரு வேலி போட்டால் போதும், வருஷா வருஷம் முள் வெட்டத் தேவையில்லை. மிரெயா இதைச் சொல்லவில்லை. உருளைக்கிழங்கை நறுக்கினாள்.

வாளி நிறைந்தது. மழை நின்று மறுபடி பிடித்தது. பெலார்மினோ தொண்டையைச் செருமினார்.

"சின்னவன் எப்படி இருக்கான்? மூச்சு?"

"இப்ப நல்லா இருக்கான். குளிர்காலம் வந்தாத்தான் பயம்."

"ம்."

கொண்டேசா வாளிக்குள் மூக்கை விட்டது.

"அந்த வேலி உங்கப்பன் வேலை" என்றார் பெலார்மினோ. "இன்னிக்கும் அதைத்தான் சொல்வேன்."

"அப்பா உங்க வேலைன்னு சொல்வாங்க."

"சொல்வான். கழுதை."

"மாமா, வீட்டை இழுத்த பிறகு அடியில செருகின ரெண்டு மரமும் மிஞ்சுமே. நீள மரம். அதுலயே கொண்டேசாவுக்கு ஒரு பட்டி கட்டினா? வேலி உங்களுதும் இல்லை, அப்பாவோடதும் இல்லை. வீட்டோடது."

பெலார்மினோ நறுக்குவதை நிறுத்தினார். பிறகு கத்தியை மண்ணில் குத்தினார்.

"கேளேன்."

"என்ன மாமா?"

"கேட்டுத் தொலையேன்! நாள் பூரா இங்கயே உட்கார்ந்திருக்கப் போறியா?"

மிரெயா எழுந்து நின்றாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

"பெலார்மினோ மாமா, அடுத்த ஞாயிறு விட்டு அதுக்கு அடுத்த ஞாயிறு எங்க வீடு கீழே வருது. உங்க மாடும் உங்க கையும் வேணும்."

"வரேன்" என்றார் பெலார்மினோ, யாரோ பல்லைப் பிடுங்கினது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெலார்மினோவே வீடு வீடாகப் போய், "அவன் வீடு என்னைக் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டார்.

"நான் கேட்கலை!" என்று அப்பா குதித்தார்.

"நீ கேட்டேன்னு யாரு சொன்னா?" என்றாள் அம்மா. "வீடு கேட்டுச்சு. ஊரும் வரேன்னு சொல்லிடுச்சு. இப்போ வேண்டாம்னு நீயே ஒவ்வொரு வாசலா போய்ச் சொல்லு."

அப்பா மகளைப் பார்த்தார். மிரெயா தன் செருப்பைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவர் கோடாலியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். சாயங்காலம் இரண்டு நீள மரத்தோடு திரும்பி வந்தார். அதுதான் அவருடைய சம்மதம். வாயால் கடைசிவரை சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை தூறலாக இருந்தது. மன்சானோவில் அதற்கு நல்ல வானிலை என்று பேர்.

ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றியாயிற்று. தட்டுகளைக் கம்பளியில் சுற்றியாயிற்று. அடுப்பை மட்டும் அம்மா அணைக்க விடவில்லை.

"நாப்பது பேர் சாப்பிடணும். வீடு பாட்டுக்கு நடக்கட்டும், சூப்பு பாட்டுக்குக் கொதிக்கட்டும்."

எட்டு ஜோடி மாடு வந்தது. மேலே இழுக்கும்போது எல்லா மாட்டையும் முன்னால் கட்ட வேண்டும். இறக்கத்தில் அது ஆகாது. வீடு தானாக வழுக்கிக்கொண்டு மாட்டின்மேலேயே ஏறிவிடும். அதனால் மூன்று ஜோடியை முன்னால் கட்டினார்கள். ஐந்து ஜோடியைப் பின்னால், திமிறும் வீட்டைப் பிடித்து நிறுத்த. கடைசியில், மொத்தப் பாரமும் விழுகிற இடத்தில், பெலார்மினோவின் ஜோடி மாடு, லுசேரோவும் மரினேரோவும்.

"ஹோ!" என்றாள் ஓர்பெலினா அத்தை.

வீடு ஒரு முறை முனகியது. பிறகு நகர்ந்தது. புகைபோக்கியில் புகை, வாசலில் தொங்கும் துணி, எல்லாம் அப்படியே நடந்தது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஓடினார்கள். இன்ஜினியர் வால்தேஸும் ஒரு கயிற்றைப் பிடித்திருந்தார். சேறு அவர் முழங்கால்வரை இருந்தது.

கோயிலைத் தாண்டியாயிற்று. ஆப்பிள் மரங்களைத் தாண்டியாயிற்று. பெலார்மினோவின் புல்வெளி வந்தது. அங்கேதான் சரிவு அதிகம். புல் மழையில் எண்ணெய் பூசினது மாதிரி இருந்தது.

மிரெயா முதலில் சத்தத்தைத்தான் கேட்டாள். 'பட்' என்று ஒரு கயிறு அறுந்தது. வீடு ஒரு பக்கமாகத் திரும்பி, சறுக்க ஆரம்பித்தது. உள்ளே ஏதோ ஒரு பானை உருண்டது.

"முன்னாடி மாட்டை ஒதுக்கு! ஒதுக்கு!"

அப்பா ஓடிப்போய் மூலைத் தூணில் தோளைக் கொடுத்தார். அவர் கால் புல்லில் வழுக்கியது. வீடு நிற்கவில்லை.

"பிடி, பெலார்மினோ!" என்று அலறினார். "பிடிடா!"

ஐந்து வருஷத்தில் அவர் பெலார்மினோவிடம் பேசிய முதல் வார்த்தை.

"பிடிச்சுக்கிட்டுத்தானேடா இருக்கேன்! கத்தி மாட்டைப் பயமுறுத்தாதே!" பெலார்மினோ கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றினார். "லுசேரோ! மரினேரோ! நில்லுங்கடா என் ராசா!"

இரண்டு மாடும் முழங்கால் மடங்க உட்கார்ந்தே விட்டன. குளம்பு மண்ணை உழுதது. ஒரு அடி. இரண்டு அடி. மூன்று.

வீடு நின்றது.

அப்போது சமையலறை ஜன்னல் வழியாக எடித்தாவின் தலை எட்டிப் பார்த்தது. வீட்டுக்குள் யாரும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சூப்பைக் கிளற அவள் எப்போது உள்ளே ஏறினாள் என்று யாருக்கும் தெரியாது.

"பாதி சூப்பு போச்சு" என்றாள். "ஆனா பாதி இருக்கு."

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துச் சிலர் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மிரெயாவுக்கு மட்டும் ஏனோ கண்ணில் தண்ணீர் வந்தது. மழைதான் என்று துடைத்துக்கொண்டாள்.

அப்பாவும் பெலார்மினோவும் ஒருவரை ஒருவர் பார்த்து மூச்சு வாங்கினார்கள்.

"உன் புல்லெல்லாம் போச்சு" என்றார் அப்பா.

"ம்ம். புல்லு வளரும்."

பொழுது சாய்வதற்குள் வீடு பழைய கற்களின்மேல் உட்கார்ந்துவிட்டது. ஒரே ஒரு விஷயம். சறுக்கும்போது திரும்பின வீட்டை மறுபடி திருப்ப யாரிடமும் தெம்பு இல்லை. முன்பு கடலைப் பார்த்திருந்த சமையலறை ஜன்னல் இப்போது நேராகக் கொண்டேசாவைப் பார்த்தது.

"அதோட முகத்துலதான் தினமும் முழிக்கணும்" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்த்து. அப்பா தித்தோவைத் தூக்கிப் பன்றியைக் காட்டிக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி இருந்தார்.

பட்டி புதன்கிழமை கட்டி முடிந்தது. வீட்டுக்கு அடியில் இருந்த இரண்டு மரமும் அதற்குச் சரியாகப் போதுமானதாக இருந்தது. கட்டினது இரண்டு பேர். நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டே கட்டினார்கள்.

சொன்ன நாளில் படகு வந்தது. மரம், தகரம், வெள்ளைப் பெயின்ட், கதவு எல்லாம் கரையில் இறங்கின. கூடவே புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். இவர் செருப்பைத் துடைக்கிற ரகம் இல்லை. மேலே போனார். நாலாவது முளைக்குச்சி ஈர மண்ணில் நேராக நின்றது. கீழே வந்தார். வரைபடத்தைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு எண்ணினார்.

"எல்லாம் சரியா இருக்கே!" என்றார். "வீட்டு விஷயமா ஏதோ குழப்பம்னு கேள்விப்பட்டேனே?"

இன்ஜினியர் வால்தேஸ் கடலைப் பார்த்தார்.

"பார்த்தீங்களா? அரசாங்க வரைபடம்னா வரைபடம்தான். ஒரு வீடுகூட இடம் மாறலை."

மன்சானோக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெலார்மினோவின் வாய் திறந்தது. உடனே மிரெயா, அம்மா அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கு அடையில் பெரிய துண்டாக ஒன்றை அவர் கையில் வைத்தாள். இன்னொன்றை அப்பாவுக்குக் கொடுத்தாள்.

இரண்டு பேரும் வாய் நிறைய மென்றுகொண்டு, மேலதிகாரியைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார்கள்.